இன்னும் ஆயிரம் கிலோமீட்டர்

நோர்மா: மெதுவா... மெதுவா! கண்ணாடி இடிக்குது பாருங்க.

லேயார்க்கோ: இடிக்கலம்மா. முப்பது வருஷமா வண்டி ஏத்தி இறக்குறேன், எனக்குத் தெரியாதா? இவானோ, அந்தப் பலகையைக் கெட்டியாப் பிடி... ஆங், விடு. வந்துட்டா பாரு மகாராணி.

இவானோ: பிரேக்கைப் பிடிச்சுக்கோய்யா. தரை சரிவா இருக்கு.

லேயார்க்கோ: ஏம்மா நோர்மா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதே. புது மோட்டார் சைக்கிளை வேன்ல ஏத்திக்கிட்டு வர்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். தோவாதோலாவுலேர்ந்து இங்க ரொக்காவுக்கு என்ன பெரிய தூரம்? ஒரு சிகரெட் முடியறதுக்குள்ள வந்துடலாம். உன் வீட்டுக்காரன் என்ன, இன்னும் தூங்குறானா?

நோர்மா: அவருக்கு இடுப்பு வலி.

லேயார்க்கோ: ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டறப்போ வராத இடுப்பு வலி, நம்ம பட்டறைக்கு வர்றப்போ மட்டும் வருதாக்கும்.

நோர்மா: ஓட்டினதாலதான் வலி. போதுமா? இவானோ, சாமானெல்லாம் வந்துடுச்சுன்னு சொன்னீங்களே, எங்க?

இவானோ: வந்துடுச்சு. அந்த அலமாரிக்குக் கீழ. வேகம் கூட்டற கேம்ஷாஃப்ட், ஃபில்டர், சைலன்சர்... எல்லாம் அட்டைப் பெட்டியிலயே இருக்கு.

நோர்மா: அப்போ ஆரம்பிங்க. இப்பதானே கடை திறந்திருக்கீங்க. சாயங்காலம் நாலு மணிக்குள்ள குடுத்தாப் போதும்.

லேயார்க்கோ: நாலு மணிக்கா! பியாதினா ரொட்டி சுட்டுக் குடுக்குறதுன்னு நினைச்சியா? தாயே, எஞ்சினைத் திறக்கணும், கேம் மாத்தணும், திரும்ப மூடி, கம்ப்யூட்டரை மாட்டி, ஒவ்வொரு வேகத்துலயும் சரி பாக்கணும். பத்து நாள் வேலைம்மா.

நோர்மா: பத்து நாளெல்லாம் விட்டுட்டுப் போக முடியாது.

இவானோ: விட வேண்டாம். இன்னிக்கு எதுவுமே வேண்டாம்.

நோர்மா: என்ன சொல்றீங்க?

இவானோ: வண்டி இன்னும் பழகல, நோர்மா. வேன்லயே திருப்பி ஏத்திடலாம். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும். அப்புறம் பாக்கலாம்.

லேயார்க்கோ: யோவ், நீ இன்னும் பக்கத்துலயே போகலையே! சாவியைக்கூடத் திருப்பல. மோந்து பாத்தே சொல்லிட்டியா?

இவானோ: எனக்குத் தெரியும்.

நோர்மா: ஆயிரம் ஓடினதும் கொண்டு வரச் சொன்னது நீங்கதானே? ஏப்ரல்ல அவர் கையில சாவியைக் குடுத்து, கண்ணாடியில இந்தச் சிவப்புத் துணியைக் கட்டி விட்டது யாரு? "இது இருக்கறவரைக்கும் மலையில ஒருத்தனும் உன்னைப் பந்தயத்துக்கு இழுக்க மாட்டான், மான்லியோ. ஆயிரம் ஓட்டிட்டு வா, என் கையால அவிழ்க்குறேன்"னு சொன்னது யாரு?

இவானோ: நான்தான்.

நோர்மா: அப்போ அவிழுங்க.

லேயார்க்கோ: நியாயமாத்தானே கேக்குறா. நகரு, நான் அவிழ்க்குறேன்...

இவானோ: தொடாதே!

லேயார்க்கோ: என்னய்யா கடிக்கிறே? காலையில காப்பி குடிக்கலையா?

இவானோ: உனக்கு அந்த ஸ்கூட்டர் வேலை பாக்கியிருக்கு. பாதிரியார் மத்தியானம் வந்து நிப்பாரு. போ.

லேயார்க்கோ: பாதிரியாருக்குப் பொறுமை சொல்லிக் குடுத்திருக்காங்க. இரு... இந்தத் துணியைப் பாரேன். கடையிலேர்ந்து இப்பதான் கிழிச்ச மாதிரி இருக்கு. காத்துல ஆயிரம் கிலோமீட்டர் அடிச்சா ஓரமெல்லாம் நூல் நூலாப் போயிருக்கணுமே.

நோர்மா: தோய்ச்சேன்.

லேயார்க்கோ: அவிழ்க்காமயே தோய்ச்சியா? இது இவானோ போட்ட முடிச்சு. அவன் அம்மா வான்கோழிக்குக் கட்டற முடிச்சு. வேற யாருக்கும் வராது.

நோர்மா: வண்டியோட சேத்துத் தோய்ச்சேன். விடுங்களேன்.

லேயார்க்கோ: ஹெட்லைட்டையும் தோய்ச்சிட்டே போல. ஜூன் மாசத்துல அந்த மலை ஏறி இறங்கினா பூச்சி அப்பிக்கிட்டு, சுரண்டினாலும் போகாது. இது பளபளன்னு இருக்கே.

இவானோ: லேயார்க்கோ.

லேயார்க்கோ: சரி சரி, வாயை மூடிக்கிறேன். வாயைத் திறக்க ஏதாவது கொண்டு வந்தியா நோர்மா? பை கனமா இருக்கே.

நோர்மா: பியாதினா. உள்ள ஸ்க்வாக்கெரோனே சீஸ் வச்சிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் வேலை செஞ்சுக்கிட்டே சாப்பிடலாம்னு... உக்காந்து சாப்பிட நேரமிருக்காது.

லேயார்க்கோ: லஞ்சம்! இவானோ, எனக்கு மனசு மாறுது. குடும்மா... ம்ம். மான்லியோ இதைத் தின்னுதான் இளைக்காம இருக்கான்.

நோர்மா: பேசாம சாப்பிடுங்க.

லேயார்க்கோ: அவன்மேல எனக்குக் கோவம் இருக்கு, ஆமா. தினமும் இந்த வழியாத்தானே மலை ஏறிப் போயிருக்கான்? ஒரு நாளாவது நின்னு ஒரு ஹாரன் அடிச்சானா? மேல முராலியோனே கணவாய்ல இருக்கற பார்லயும் யாரும் அவனைப் பாக்கலையாம். புது வண்டி பழக்கறவன் அங்க வந்தா எல்லாருக்கும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடுக்கணும், அது வழக்கம். கஞ்சப் பய, அதுக்குப் பயந்துக்கிட்டு நிக்காம திரும்பிடுறானா?

நோர்மா: அவர் அப்படிப்பட்டவர் இல்ல. மேல வரைக்கும் போகத்தான் செஞ்சாரு. தினமும். போர்ட்டிக்கோ ஊரைத் தாண்டினதும் ரெண்டாவது கியர். பாலத்துக்கு முன்னாடி கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். அப்புறம் அந்தப் பழைய ஆலை, அதுக்கு வலப்பக்கம் எப்பவும் சரளைக் கல் கிடக்கும், இழுக்காம மூணாவதுல போயிடணும். சான் பெனெதெத்தோ மணிக்கூண்டு தெரிஞ்சதும் ஆக்சிலேட்டரை சுத்தமா விட்டுடணும், எஞ்சின் தானா இறங்கட்டும். அதுக்கு மேல வரிசையா கொண்டை ஊசி வளைவு. ரெண்டாவது, மூணாவது, ரெண்டாவது...

லேயார்க்கோ: அடேயப்பா! இவானோ, கேட்டியா? பின்னாடி உக்காந்து போனியாம்மா?

நோர்மா: நானா? நான் மோட்டார் சைக்கிள்ல ஏறினதே கிடையாது. கல்யாணத்தப்பவே அவர்கிட்ட சொல்லிட்டேன்.

லேயார்க்கோ: எந்த வளைவுல எந்த கியர்னு கன்னிமேரி ஜெபம் மாதிரி ஒப்பிக்கிறியே! சரி, ஒண்ணு சொல்லு. சான் பெனெதெத்தோவுக்கு மேல அந்த சிக்னல்ல எவ்வளவு நேரம் நிக்கிறானாம்? ஞாயித்துக்கிழமை அங்க நின்னு வெயில்ல வெந்துட்டேன்.

நோர்மா: ...எந்த சிக்னல்?

லேயார்க்கோ: மே மாசம் மலை சரிஞ்சுதே. பாதி ரோடு பள்ளத்துல கிடக்கு. சிக்னல் வச்சு ஒரு பக்கமாத்தான் விடுறாங்க. அங்க நிக்காம ஒருத்தனும் மேல போக முடியாது.

நோர்மா: அது... சொல்ல மறந்திருப்பாரு.

லேயார்க்கோ: தினமும் நின்னதையா?

இவானோ: போதும்யா. அவளை ஏன் போலீஸ் மாதிரி கேட்டுக்கிட்டிருக்கே? நோர்மா, நான் சொல்றதைக் கேளு. வண்டியை எடுத்துட்டுப் போ. இப்ப எப்படி ஓட்டறீங்களோ... அப்படியே ஓட்டுங்க. அவசரமே இல்ல.

நோர்மா: அவசரம் இருக்கு.

லேயார்க்கோ: அட மாதாவே! இங்க வா இவானோ. இந்த டயரைப் பாரு.

இவானோ: பாக்க வேண்டாம்.

லேயார்க்கோ: வாய்யா. ஓரத்துல ரப்பர் முடி அப்படியே நிக்குது. ஃபாக்டரியிலேர்ந்து வந்த முடி. நடுவுல மட்டும் லேசாத் தேஞ்சிருக்கு. இந்த மலையில நேர் ரோடு எங்க இருக்கு? சாயாம ஒருத்தன் எப்படி ஆயிரம் கிலோமீட்டர் போனான்? பின் டயரும் அதே கதைதான். பிரேக் டிஸ்க்ல கோடுகூட விழல. சாவியைக் குடு... ஹா! மஞ்சள் விளக்கு எரியுது பாரு. பின் சக்கரம் சுத்துது, முன் சக்கரம் நிக்குதுன்னா எரியற விளக்கு அது. நோர்மா, இந்த வண்டி ரோட்டுலயே போகல.

நோர்மா: போச்சு.

லேயார்க்கோ: பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்ட்ல நிறுத்தி, சும்மா சுத்த விட்டிருக்கீங்க. கிலோமீட்டர் ஏறணும்னு! ஆமாவா இல்லையா?

நோர்மா: ஆமா.

லேயார்க்கோ: கடவுளே! யார் வேலை இது? சொல்லு. மான்லியோவா? அவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?

நோர்மா: நான்தான். வாசல்ல வச்சு. சூடு ஏறக்கூடாதுன்னு முன்னாடி ஃபேன்கூட வச்சேன்.

லேயார்க்கோ: ஃபேன் வச்சாளாம்! கேட்டியா? அம்மா, புது எஞ்சின்ல பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் புதுசாக் கட்டிக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி. மலை ஏறி, பாரம் இழுத்து, கொஞ்சம் உரசினாத்தான் ஒண்ணோட ஒண்ணு படியும். பாரமே இல்லாம சும்மா சுத்தினா சிலிண்டர் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் ரிங் பிடிக்காது. ஸ்டார்ட் பண்றேன் பாரு... பாத்தியா? நீலப் புகை. எண்ணெய் குடிக்குது. ரெண்டு மாசக் குழந்தை இது, கிழட்டு டிராக்டர் மாதிரி இருமுது!

நோர்மா: நல்லா முறுக்குங்க.

லேயார்க்கோ: எதுக்கு?

நோர்மா: முறுக்குங்களேன்... ம். முழுசா முறுக்கினாலும் இவ்வளவுதான் சத்தம், இல்ல? அந்தப் புது சைலன்சர் இதைவிட எவ்வளவு ஜாஸ்தி?

லேயார்க்கோ: நான் எஞ்சின் செத்துப் போச்சுங்கறேன், இவ சத்தத்தைப் பத்திக் கேக்குறா. அது பந்தயத்துக்குப் போடற சைலன்சர். இங்க முறுக்கினா ஃபோர்லியில ஜன்னல் ஆடும்.

நோர்மா: பக்கத்துல நிக்கறவங்களுக்கு வேற எதுவும் காதுல விழாதா?

லேயார்க்கோ: இடி விழுந்தாலும் விழாது.

நோர்மா: அப்போ அதை மட்டும் மாட்டுங்க. கேம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். சைலன்சர் மட்டும். அது பத்து நாள் வேலை இல்லையே?

லேயார்க்கோ: அது ஒரு மணி நேரம். ஆனா எதுக்கு? சிலிண்டரைக் கழட்டித் திரும்பத் தேய்க்கணும், புது ரிங் போடணும். வண்டியை இங்க விட்டுட்டுப் போ, ரெண்டு வாரத்துல...

இவானோ: வண்டி இங்க இருக்காது. வீட்டுக்குத்தான் போகும். போய்... ஸ்டாண்ட்லயே ஓடட்டும்.

லேயார்க்கோ: என்னது?

இவானோ: ஓடட்டும்னேன்.

லேயார்க்கோ: நீயா சொல்றே? போன வருஷம் ஒருத்தன் புது வண்டியை ட்ராஃபிக்ல அரை நாள் நிறுத்தி வச்சான்னு அவனை இந்த வாசல்லேர்ந்து துரத்தின ஆளு நீ! வண்டியை அழிக்கச் சொல்லி நீயே அனுப்புறியா? ரெண்டு பேரும் என்கிட்ட எதையோ மறைக்கிறீங்க. என்ன நடக்குது இங்க? மான்லியோ எங்க? நான் இப்பவே அவனுக்குப் போன் போடுறேன்...

நோர்மா: போடாதீங்க. இப்பதான் கண் அசந்திருப்பாரு.

லேயார்க்கோ: இந்தக் காலையிலயா?

நோர்மா: நர்ஸ் வந்து ஊசி போட்டுட்டுப் போயிருக்கா. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் நிம்மதியா இருப்பாரு.

லேயார்க்கோ: நர்ஸா? இடுப்பு வலிக்கா?

நோர்மா: இடுப்பு வலின்னுதான் நாங்களும் நினைச்சோம். வண்டியை இங்கேர்ந்து ஓட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு இறங்க முடியல. சிரிச்சாரு. "சீட்டு உசரம், இவானோகிட்ட சொல்லி இறக்கணும்"னாரு. அப்புறம் ஃபோர்லி ஆஸ்பத்திரியில படம் எடுத்தாங்க. முதுகெலும்புல கட்டி. பரவிடுச்சு. ஒண்ணும் பண்றதுக்கு இல்லன்னுட்டாங்க. மே மாசத்துலேர்ந்து படுக்கைதான்.

லேயார்க்கோ: மான்லியோவா? நம்ம மான்லியோவா?

நோர்மா: யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உங்க ரெண்டு பேருக்கும் முக்கியமா சொல்லக்கூடாதாம். "லேயார்க்கோ வந்தா ஜோக் அடிப்பான், சிரிச்சா வலிக்கும்"னாரு. ஐயோ, அழாதீங்க. எனக்கும் வந்துடும்.

லேயார்க்கோ: இளைக்காம இருக்கான்னு சொன்னேனே... பியாதினாவைத் தின்னுக்கிட்டு... நான் ஒரு மடையன். சொல்லியிருக்கலாமேம்மா. நான் ஓட்டியிருப்பேனே! வேலை முடிச்சு தினமும் மலை ஏத்தி இறக்கியிருப்பேன். நல்லாப் பழக்கிக் குடுத்திருப்பேன்.

நோர்மா: நானும் சொன்னேன், யாரையாவது ஓட்டச் சொல்லலாம்னு. ஒத்துக்கல. "முதல்ல ஓட்டறவன் கை எஞ்சினுக்குப் பழகிடும், வேற கை வேண்டாம்"னாரு. "நீ கீழ நில்லு, நான் மாடியில ஜன்னல் பக்கத்துலேர்ந்து சொல்றேன். என் வாய், உன் கை. அப்போ நான் ஓட்டின மாதிரிதான்"னாரு. கிளட்ச் எது, கியர் எதுன்னு ஜன்னல் வழியாவே சொல்லிக் குடுத்தாரு. மூணு தடவை ஆஃப் ஆச்சு. கழுதைன்னு திட்டினாரு. எவ்வளவு நாளாச்சு அவரு என்னைத் திட்டி... சந்தோஷமா இருந்துச்சு.

லேயார்க்கோ: அப்போ அந்த வளைவெல்லாம்...

நோர்மா: மாடியிலேர்ந்து அவரு சொல்றதுதான். "இப்போ ரொக்கா, லேயார்க்கோ வாசல்ல நின்னு சிகரெட் பிடிக்கிறான், ஒரு ஹாரன் அடி"ம்பாரு. அடிப்பேன். தினமும் அடிச்சேன், உங்களுக்குத்தான் கேக்கல. "இப்போ போர்ட்டிக்கோ, பாலம் வருது, விடு... விடு... இப்போ பிடி." மேல பார் வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்வாரு. ஒரு கிளாஸ் எல்லாருக்கும் என் கணக்குலம்பாரு. நான் மேல ஏறிப் போய் அவருக்கு ஒரு ஸ்பூன்ல ஒயின் குடுப்பேன். அவ்வளவுதான் இறங்கும்.

லேயார்க்கோ: வாங்கிக் குடுத்திருக்கான்யா... கஞ்சன்னு திட்டினேன்.

நோர்மா: அந்த ரோடு சரிஞ்சது அவருக்குத் தெரியாது. அவரு போற ரோடு நல்லாத்தான் இருக்கு. சொல்லிடாதீங்க.

லேயார்க்கோ: பக்கத்து வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?

நோர்மா: முதல் வாரம் சண்டைக்கு வந்தாங்க. செர்ரிப் பழம் குடுத்தேன். எதிர் வீட்டு ஃபெர்ருச்சோ கிழவர் காது மெஷினைக் கழட்டி வச்சிட்டு, "நாலு மணிக்கா? நடத்தும்மா"ன்னுட்டாரு.

லேயார்க்கோ: ஏன் நாலு மணி?

நோர்மா: அப்பதான் மலையில வெயில் நல்லா இருக்குமாம்.

லேயார்க்கோ: அப்படியா சொன்னான்?

நோர்மா: அப்படித்தான் சொன்னாரு.

லேயார்க்கோ: ஒண்ணு மட்டும் புரியல எனக்கு. மான்லியோவுக்கு எஞ்சின் தெரியும். நம்ம ரெண்டு பேரையும்விட நல்லாத் தெரியும். ஸ்டாண்ட்ல சுத்தினா சிலிண்டர் போயிடும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவன்தான். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட வண்டி இது. தெரிஞ்சே ஏன் நாசம் பண்ணச் சொன்னான்? இவானோ... நீ ஏன் ஒண்ணுமே பேசல? உனக்கு இது புதுசா இல்லையே. மூஞ்சியைப் பாரு. உனக்கு முன்னாடியே தெரியும்!

இவானோ: தெரியும்.

நோர்மா: எப்படி? நான் யார்கிட்டயும் சொல்லலையே.

இவானோ: அவன் போன் பண்ணினான். போன வாரம்.

நோர்மா: அவரா? எப்போ? நான் பக்கத்துலயேதான் இருக்கேன்.

இவானோ: நீ ரொட்டி வாங்கப் போயிருந்தியாம். குரல் அடையாளமே தெரியல. யாரோ கிழவன்னு நினைச்சு வச்சுடப் பாத்தேன். "நான்தான்டா, புர்தெல்"லுன்னான். என்னைப் பயலேன்னு அப்படிக் கூப்பிடறவன் அவன் ஒருத்தன்தான்... அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கல. அவனே சொன்னான், மூச்சு வாங்கி வாங்கி. "நோர்மா வண்டியைக் கொண்டு வருவா. வாங்கி வச்சுக்காதே. எதுவும் மாட்டாதே. இன்னும் பழகலன்னு சொல்லு. இன்னும் ஆயிரம் ஓட்டச் சொல்லித் திருப்பி அனுப்பு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்"னான்.

நோர்மா: ...அப்படியா சொன்னாரு.

இவானோ: அதான் காலையிலேர்ந்து உளறிக்கிட்டிருக்கேன். எனக்குப் பொய் வராதும்மா. லேயார்க்கோவுக்குத்தான் வரும்.

லேயார்க்கோ: ஏன் அப்படிச் சொன்னான்? வண்டி தயாராக வேண்டாம்னா அவன் நினைப்பான்?

இவானோ: வண்டி இங்க பட்டறையில கிடந்தா, நாலு மணிக்கு அங்க வாசல்ல என்ன ஓடும்?

லேயார்க்கோ: புரியலையே.

இவானோ: விடு. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

நோர்மா: சொல்லுங்க, இவானோ.

இவானோ: வேண்டாம் நோர்மா. வண்டியை எடுத்துட்டுப் போ. சைலன்சர் கேக்காதே. அவன் இஷ்டப்படி நடக்கட்டும்.

நோர்மா: வெறுங்கையோட நான் போக மாட்டேன். சொல்லுங்க.

இவானோ: நர்ஸ் மறுபடி எப்போ வருவா?

நோர்மா: ஆறு மணிக்கு மேல.

இவானோ: காலையில போட்ட ஊசி அதுவரைக்கும் தாங்காது, இல்லையா?

நோர்மா: தாங்காது. அளவைக் கூட்டறேன்னுதான் டாக்டர் சொல்றாரு. கூட்டினா நாள் முழுக்கத் தூங்கிடுறாரு. "இருக்கற கொஞ்ச நாளையும் தூங்கியே கழிக்கணுமா, நோர்மா முகத்தை எப்போ பாக்குறது"ன்னு டாக்டர்கிட்ட சண்டை போடுறாரு. எனக்கு வலியே இல்லைங்கறாரு. என் முன்னாடி பல்லைக் கடிச்சுக்கிட்டு...

இவானோ: அப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியாத நேரம்தான், நாலு மணி. அவனுக்கு வெயிலும் இல்ல, மலையும் இல்ல. நீ பக்கத்துல இருக்கக்கூடாது. கீழ இருக்கணும். எஞ்சின் ஓடணும். அவன் கத்துறது உன் காதுல விழக்கூடாது. அதுக்குத்தான் வண்டி. "சிலிண்டர் போனாப் போகட்டும்டா, அவ அதைக் கேக்கக்கூடாது"ன்னான்... இதான். சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடும்மா. அவன்கிட்ட மட்டும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே.

லேயார்க்கோ: கடவுளே...

இவானோ: நோர்மா? உக்காரும்மா. லேயார்க்கோ, தண்ணி எடு.

நோர்மா: தண்ணி வேண்டாம். எனக்கு முதல் நாளே தெரியும், இவானோ. "விடு... விடு..."ன்னு பாலத்துக்கு முன்னாடி சொன்ன குரல்லயே தெரிஞ்சுபோச்சு. அவரு கத்த ஆரம்பிச்சா, நான் இன்னும் கொஞ்சம் முறுக்குவேன், தாராளமா கத்தட்டும்னு. நேத்து முழுசா முறுக்கிட்டேன்... அதையும் தாண்டி எனக்குக் கேட்டுடுச்சு. எனக்குக் கேட்டுடுச்சோன்னு பயந்து அவரு வாயைப் பொத்திக்கிட்டாரு, அப்புறம் மேலேர்ந்து சத்தமே வரல. இனிமே அப்படி ஆகக்கூடாது... அந்தச் சைலன்சரை மாட்டிக் குடுங்க, நாலு மணிக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்.